பாறைக்குழித் தெருவில் தங்கிய சொல்

அர்த்தநாரி செத்த அன்று அவன் கடைசியாகச் சொன்ன சொல் அவனோடு போகாமல் பாறைக்குழித் தெருவிலேயே தங்கிவிட்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று அந்தத் தெருக்காரர்கள் சொல்வார்கள், ஏனென்றால் அங்கே எந்தச் சொல்லுக்கும் வெளியே போக வழி கிடையாது. நடுவில் கல் உடைத்து உடைத்து ஆழமாகி, கடைசியில் தண்ணீர் ஊறிக் கைவிடப்பட்ட பாறைக்குழி, அந்தக் குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வட்டமாக, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒவ்வொரு வீட்டின் முன்பாதியிலும் விசைத்தறிப் பட்டறை, பின்பாதியில் குடும்பம், இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு, அந்தக் கதவைச் சாத்தினாலும் ஒன்றுதான் சாத்தாவிட்டாலும் ஒன்றுதான், தறிச்சத்தம் சோற்றுக்குள்ளும் இறங்கும்.

அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் காதை நம்புவதில்லை, உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைத் தெரிந்துகொள்வார்கள். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்தின் இந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கோடியில் யார் யாரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று படித்துவிடுவார்கள், அதனால் சொந்தக்காரர்கள் இவர்களுக்குப் பத்திரிகை வைக்கக் கொஞ்சம் யோசிப்பதும் உண்டு. உதடு சரியாகத் தெரியாத இடத்தில் அவர்களிடம் வேறொரு மரியாதை இருந்தது. தூரத்திலிருந்து யாராவது ஏதாவது சொன்னால், புரிகிறதோ இல்லையோ, முதலில் சரி என்று தலையாட்டிவிட வேண்டும், என்ன சொன்னார்கள் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம். இழை அறுந்திருக்கும், குறுக்கே ஓடும் நூலைச் சுற்றிய தார் தீர்ந்திருக்கும், நெடுக்கே ஓடும் பாவு முடியப் போகும், பகலில் ஒரு மனுசன் இன்னொரு மனுசனிடம் சொல்ல அதற்கு மேல் என்ன இருக்கிறது என்பது அவர்களுடைய எண்ணம்.

அன்றைக்கு அர்த்தநாரி தறியின் சட்டத்தில் ஒரு கையை வைத்தபடி நின்றிருந்தான். அவன் மனைவி வசந்தாமணி பட்டறையின் மறுகோடியில் தார் சுற்றும் மெஷினில் இருந்தாள். அவன் முகத்துக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் அடித்ததால் முகம் இருட்டாக இருந்தது, வாய் அசைவது மட்டும் தெரிந்தது, அவள் சரி என்று தலையாட்டினாள், தலையாட்டிவிட்டு அறுந்த நூலின் முனையைத் தேடினாள். அந்த நேரம் பார்த்து ஊருக்கே கரண்ட் போனது, தினமும் போகிற நேரம்தான், தெரு முழுக்கத் தறிகள் ஓய்ந்தன, அவன் கீழே விழுந்த சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. மாரடைப்பு என்றார்கள், அப்பனுக்கும் அப்படித்தான் வந்தது என்று ஞாபகப்படுத்திக்கொண்டார்கள், பந்தல் போட்டார்கள், எடுத்தார்கள்.

வசந்தாமணி எல்லாரும் அழுகிற நேரத்தில் அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "நான் எதுக்குங்க சரின்னேன்?"

கருமாதி முடிந்த மறுநாள் டீக்காரர் சையது பாய்க்குத்தான் முதலில் தெரிந்தது. சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு தெருவை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து காலை ஊன்றும்போது, பின்னாலிருந்து யாரோ ஏதோ சொல்லி முடித்தது போல இருந்தது அவருக்கு. "என்னங்க?" என்று திரும்பினார், யாருமில்லை. பாதிச் சுற்றில் நின்றால் ஒன்றுமில்லை, முக்கால் சுற்றிலும் ஒன்றுமில்லை, முழுதாகச் சுற்றி வந்தால் மட்டும் யாரோ சொல்லி முடித்தார்கள். மற்றவர்களும் சுற்றிப் பார்த்தார்கள், ஒவ்வொருவரும் கிளம்பிய இடத்துக்கு வந்ததும் "என்னங்க?" என்றார்கள். என்ன சொல் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை, ஆனால் குரல் அர்த்தநாரியின் குரல்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எந்த வீட்டில் இருக்கிறது என்று தேடினார்கள். எந்த வீட்டிலும் இல்லை. செல்போனில் பதிவு செய்தால் தறிச்சத்தம்தான் கிடைத்தது, ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒருத்தி கொண்டு வந்த ஸ்டெதாஸ்கோப்பைச் சுவரில் வைத்தாலும் தறிச்சத்தம்தான் கிடைத்தது. ஆனால் இரண்டு வீட்டுக்குப் பொதுவான சுவரில் அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் உள்ளங்கையை வைத்தால், தறியின் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் சின்னதாக ஒரு நடுக்கம் கைக்கு வந்தது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தது. இதைக் கண்டுபிடித்தது அறிவு அல்ல, வயிற்றெரிச்சல்தான், பக்கத்து வீட்டுக்கு நம்மைவிட அதிகமாகக் கிடைத்துவிட்டதோ என்று பார்க்கப் போய்க் கண்டுபிடித்தார்கள்.

பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. காலையில் மோட்டாரைப் போட்டதும் சுவரில் கை வைத்து, வாசலுக்கு வந்து, "ஒத்துப்போகுதுங்களா?" என்று உதட்டை அசைப்பார்கள், "ஒத்துப்போகுதுங்க" என்று பக்கத்து வீட்டு வாசலில் உதடு அசையும். சில நாள் ஒரு வீட்டின் நடுக்கம் கொஞ்சம் பிசகியிருக்கும், அப்போது இரண்டு வீட்டுக்காரர்களும் தறியை ஒரு கணம் நிறுத்தி ஒன்றாகப் போடுவார்கள், சரியாகிவிடும். சாக்கடைத் தகராறில் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்த இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் நடுவில் ஒரே சுவர்தான் இருந்தது, செத்தவனுக்காக என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்க ஆரம்பித்து, ஒரு ஆடிப் பண்டிகைக்குள் பலகாரம் கொடுத்து வாங்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். புதுப்பெண்களைக் கோவிலுக்குக் கூட்டிப் போவதற்கு முன்னால் தெருவை ஒரு சுற்றுச் சுற்ற வைத்தார்கள். அர்த்தநாரி உயிரோடு இருந்தபோது அவனை யாரும் இவ்வளவு கவனித்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் சொல் என்னவாக இருக்கும் என்பதில் ஆளுக்கொரு கட்சி இருந்தது. தெருவுக்கே நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனான் என்றது ஒரு கட்சி. பெண்டாட்டியை மறுகல்யாணம் செய்துகொள்ளச் சொன்னான் என்று இன்னொரு கட்சி, அது மெதுவாகச் சொல்லிக்கொண்டது. அவன் தம்பி குழந்தைவேலுக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

"தறியை எனக்குக் குடுத்துறச் சொல்லித்தான் அண்ணன் கேட்டாரு. அண்ணி சரின்னு தலையாட்டுனாங்க. சையது பாய் வாசல்ல நின்னு பாத்திருக்கறாரு, கேட்டுப் பாருங்க" என்றான்.

"தலையாட்டுனதப் பாத்தனுங்க" என்றார் சையது பாய். "அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க."

குழந்தைவேலு கெட்டவன் இல்லை, பல வருசம் அடுத்தவர் பட்டறையில் கூலிக்கு ஓட்டியவன், அண்ணன் தனக்கு ஏதாவது செய்வான் என்று நம்பியே இருந்தவன், அந்த நம்பிக்கை அண்ணன் செத்ததும் அண்ணன் சொன்னதாகவே மாறிவிட்டது, அவ்வளவுதான். அந்தத் தெருவில் தலையாட்டல் என்பது கையெழுத்துக்குச் சமம், அதனால் பலர் அவன் பக்கம் இருந்தார்கள். வசந்தாமணிக்கு இருந்ததோ அந்த ஒரு தறியும் அந்த வீடும்தான், அவை போனால் பிறந்த வீட்டில் அண்ணன் பெண்டாட்டியின் அடுப்படியில் ஒரு மூலை கிடைக்கும்.

"நான் தலையாட்டுனது நெசந்தான். தறியைக் குடுன்னுதான் சொன்னாருன்னா குடுத்துட்டு ஒரு பையோட கெளம்பீர்றேன். ஆனா என்னத்துக்குச் சரின்னேன்னு எனக்குத் தெரியோணும், தம்பி. தெரியற வரைக்கும் இந்தத் தறி ஓடாது" என்றாள்.

சொன்னபடி தறியைச் சாக்குப் போட்டு மூடினாள். தார் சுற்றும் மெஷினை மட்டும் வைத்துக்கொண்டு மற்றப் பட்டறைகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தாள். தெருவே சுவரில் கை வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த வருசங்களில் அவள் ஒருத்திதான் அந்தச் சொல்லை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள். தன்னால் முடியாத எதற்கோ ஒத்துக்கொண்டுவிட்டோம், செத்தவன் அதை நம்பிப் போய்விட்டான் என்ற பயம் அது.

சேதி கேள்விப்பட்டுப் பக்கத்து ஊர்க் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் அமுதவல்லி ஸ்கூட்டரில் வந்தார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார், "என்னங்க?" என்றார், பிறகு ஒரு சுவரில் கையை வைத்து நெடுநேரம் எடுக்காமல் நின்றார். கரண்ட் போயிருந்த நேரத்தில், வாசலில் கூடிய கூட்டத்துக்கு விளக்கினார்.

"குவாண்டம்னு ஒரு சங்கதி இருக்குதுங்க. ரொம்பச் சின்னத் துகள்களோட உலகம். அங்க ஒரு சேதியை ஒரு துகள்ல வெச்சா நிக்காது. பக்கத்துல கொஞ்சம் சூடு, கொஞ்சம் அதிர்வு, போயிரும். இரைச்சல்தான் அதுக்கு எமன். அதனால என்ன பண்ணப் பாக்கறாங்கன்னா, எந்த ஒரு துகள்லயும் வெக்காம, அத்தனையிலயும் சேத்து, ஒரு வளையத்தைச் சுத்துன மாதிரி வெக்கறாங்க. தனித்தனியாப் பாத்தா எதுலயும் ஒண்ணும் இருக்காது. ஒரு எடத்துல கெட்டாலும் மொத்தம் கெடாது. டோபாலஜின்னு சொல்லுவோம். பெரிய பெரிய லேப்ல, பயங்கரக் குளிர்ல வெச்சு, கொஞ்ச நேரமாவது நிக்குமான்னு பாத்துட்டு இருக்கறாங்க. நீங்க இந்தச் சத்தத்துல வெச்சிருக்கறீங்க."

"அப்ப தறிச்சத்தம் அதை ஒண்ணும் பண்ணாதுங்களா அம்மணி?" என்று கேட்டார் சையது பாய்.

"தினமும் பண்ணுது. நீங்கதான் தினமும் சரி பண்ணிர்றீங்களே. என்ன சேதின்னு கேக்காம, ஒத்துப்போகுதான்னு மட்டும் கேக்கறீங்க பாருங்க, அதுதான் அதை உசுரோட வெச்சிருக்குது. நடுவுல இந்தக் குழி இருக்கறதும் முக்கியம், சுத்தறதுக்கு ஒண்ணு வேணுமில்லீங்களா? ஆனா சத்தம் ஒரு அளவைத் தாண்டுச்சுன்னா, நீங்க சரி பண்றதைவிட வேகமாக் கெடும். பிசகெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துட்டுக் குழியில இருந்து ரோட்டு வரைக்கும் வந்துரும். அன்னைக்குச் சேதி போயிரும். போனதுகூட உங்களுக்குத் தெரியாது."

கூட்டத்தின் கடைசியிலிருந்து வசந்தாமணி கேட்டாள். "ஒருக்காவாச்சும் அதைக் கேக்க முடியுங்களா?"

முடியும் என்றார் அமுதவல்லி. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும், எல்லாச் சுவரிலும் இரண்டு பக்கமும் கை இருக்க வேண்டும், யாரிடம் சொல்லப்பட்டதோ அவர் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். "ஆனா கேட்டதுக்கப்புறம் அது இருக்காதுங்க. என்னன்னு தெரிஞ்சிட்டா அதோட முடிஞ்சிரும்."

தெருவுக்கு அது பிடிக்கவில்லை. நல்லபடியாகப் போய்க்கொண்டிருப்பதை ஏன் கலைக்க வேண்டும், நாலு வீடு ஒற்றுமையாக இருப்பது பொறுக்கவில்லையா, அது இப்போது பொதுச்சொத்து அல்லவா என்றெல்லாம் பேசினார்கள்.

"எம்பட புருசன் எங்கிட்டச் சொன்னதுங்க அது!" என்று கத்தினாள் வசந்தாமணி. அதற்குள் கரண்ட் வந்துவிட்டது, தறிகள் ஓட ஆரம்பித்தன, எல்லாரும் மரியாதையாகச் சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார்கள்.

அவளுக்கு உதவியது மனிதர்கள் இல்லை, மெஷின்கள்தான். வெளியூர் முதலாளி ஒருவர் தெருவின் தென்கோடியில் அடுத்தடுத்த சில வீடுகளை வாங்கி, காற்றடித்து நூலைப் பாய்ச்சும் ஏர்ஜெட் தறிகளை இறக்கினார். அவர் தெருவின் வழக்கத்தை மதித்தார், சுவரில் கை வைப்பதற்கென்றே ஒரு வடநாட்டுத் தொழிலாளியை நிறுத்தினார், அந்தப் பையன் "ஒத்துப்போகுதுங்களா" என்பதை அழகாகச் சொல்லக் கற்றுக்கொண்டு ஒரு நாள்கூடத் தவறாமல் கை வைத்தான். ஆனால் பிசகு வந்தால் அந்தத் தறிகளை ஒரு கணம் நிறுத்திப் போட முடியாது, அவை நிற்காமல் ஓடப் பிறந்தவை. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் சரி பண்ணிச் சரி பண்ணிக் களைத்தார்கள், ஒரு சுவரைச் சரி செய்து திரும்புவதற்குள் இன்னொன்று பிசகியது. சையது பாய் சுற்றி முடித்துக் காலை ஊன்றும்போது சில நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மறுபடி வரவழைக்கப்பட்ட அமுதவல்லி தென்கோடிச் சுவர்களில் கை வைத்துப் பார்த்து, "இந்த மழைக்காலம் தாங்காதுங்க" என்றார். எப்படியும் போகப் போகிறது என்று தெரிந்த பிறகு தெருவுக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது. பாவம் அந்தப் பொம்பளை, புருசன் சொன்னதைக் கேட்டுக்கொள்ளட்டும் என்று கூட்டம் போட்டு ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

அவர்கள் குறித்த வெள்ளிக்கிழமை காலையிலேயே குழந்தைவேலு வந்துவிட்டான். சாக்கை எடுத்தான், தறியைத் துடைத்தான், பட்டறைத் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவினான், சட்டத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினான். சுவரில் இருந்த மெயின் சுவிட்சை மேலே தள்ளி வைத்தான். அண்ணன் சொல் வெளியே வந்த அடுத்த நிமிசம் தறி ஓட வேண்டும் என்பது அவன் ஆசை, அதற்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் நின்று, ஒரு கையைத் தறியின் மேல் வைத்து, இன்னொரு கையின் கட்டைவிரலை ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

உச்சிவேளையில் எல்லா மோட்டாரும் நின்றன, முதலாளி அந்த ஒரு வேளைக்கு ஒத்துக்கொண்டதால் ஏர்ஜெட் தறிகளும் நின்றன. கரண்ட் போகாமல், தாங்களாகவே, ஒரே நேரத்தில் அவை நின்றது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை. கைக்குழந்தைகள் அந்த அமைதிக்குப் பயந்து அழுதன, குழியில் தவளை கத்துவது கேட்டது, இவ்வளவு நாளும் அங்கே தவளை இருந்தது பலருக்குத் தெரியாது. எல்லாச் சுவரிலும் கைகள் ஒட்டிக்கொண்டன. வசந்தாமணி தன் வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, வீட்டுச் சுவர்களைத் தொட்டபடியே நடந்தாள், அவள் கடந்த வீட்டில் எல்லாம் நடுக்கம் கையைவிட்டு நழுவி அவள் போகும் திசையில் போனது, கை வைத்திருந்தவர்கள் அது போவதை உணர்ந்தார்கள், தென்கோடியில் அந்த வடநாட்டுப் பையன் கண்ணை மூடி நின்றிருந்தான், அங்கே மட்டும் ஒரு கணம் நடுக்கம் தடுமாறியது, அவனும் பக்கத்துச் சுவர்க்காரரும் கையை இன்னும் அழுத்தினார்கள், அது தாண்டிப் போனது.

சுற்று முடிந்து அவள் தன் பட்டறை வாசலில் கால் வைத்தாள். சொல் அவளுக்குக் காதில் வரவில்லை, வாயில் வந்தது. அவளுடைய உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. எதிரே நின்ற சையது பாய் படித்தார், அவர் உதட்டிலிருந்து பக்கத்து வாசல் படித்தது, அதிலிருந்து அடுத்த வாசல், இப்படியே இரண்டு பக்கமும் தெரு முழுக்கச் சுற்றிப் போனது.

மோட்டார நிறுத்து புள்ளே. கரண்டு இழுக்குது.

உள்ளே நின்ற குழந்தைவேலுக்கு மட்டும் அது தெரியவில்லை. வாசலில் நின்றவளின் முதுகுக்குப் பின்னால் உச்சி வெயில் அடித்தது, முகம் இருட்டாக இருந்தது, வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது, அது தனக்கு வேண்டிய சொல்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமும் இல்லை. அவன் சரி என்று தலையாட்டினான். கட்டைவிரல் பச்சைப் பொத்தானுக்குப் போனது.

வசந்தாமணி அந்தத் தலையாட்டலை நம்பவில்லை. ஈரத்தில் வழுக்கிக்கொண்டே ஓடிச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். அவன் அழுத்திய பொத்தான் டக்கென்று ஒரு வெறும் சத்தம் போட்டது.

"நிறுத்திட்டேனுங்க" என்றாள் அவள், செத்தவனிடம், தெரு முழுக்கக் கேட்கும்படி. பிறகு மறுபடியும் சொன்னாள், "நிறுத்திட்டேனுங்க." அத்தனை வருசமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"என்னங்க அண்ணி சொன்னீங்க?" என்று கேட்டான் குழந்தைவேலு, கை இன்னும் தறிமேல் இருந்தது.

அவள் குரல் கொடுத்துச் சொன்னாள். அவன் தறிமேலிருந்த கையை எடுத்தான், கையையே பார்த்தான், ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சாயங்காலம் எலக்ட்ரீசியன் வந்து மோட்டாரைப் பிரித்து, ஒயரின் மேல்தோல் தேய்ந்து செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தை எல்லாருக்கும் காட்டினான். அவ்வளவு பேரும் வருசக்கணக்காக அந்தக் கூக்குரலைக் கையால் தொட்டுக் கும்பிட்டிருந்தார்கள். தறி வசந்தாமணியிடமே இருந்தது, ஒயர் மாற்றிய பிறகு குழந்தைவேலுதான் அதை ஓட்டினான், அவள் தார் சுற்றினாள்.

சுவர்களில் இப்போது ஒன்றுமில்லை, சையது பாய் எத்தனை தடவை சுற்றினாலும் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. தலையாட்டும் பழக்கமும் அந்தத் தெருவிலிருந்து போய்விட்டது. யாராவது தூரத்தில் வாயசைத்து அது புரியாவிட்டால், கையில் இருக்கும் வேலை எதுவானாலும், முதலில் மோட்டாரை நிறுத்திவிட்டு, கிட்டே போய், என்ன என்று கேட்கிறார்கள், பெரும்பாலும் இழை அறுந்திருக்கும் அல்லது தார் தீர்ந்திருக்கும், தெரிந்துகொண்டு திரும்பிவந்து மறுபடி மோட்டாரைப் போடுகிறார்கள். இதனால் மற்றத் தெருக்களைவிடப் பாறைக்குழித் தெருவில் துணி கொஞ்சம் குறைவாகத்தான் இறங்குகிறது.